எவர்சில்வர் பளபளப்பும் பாலாற்றுத் தண்ணீரும்

எவர்சில்வர் பாத்திரம் இல்லாத வீடு உண்டா? ஓரிக்கையில் தறி நெய்பவர் வீட்டிலும் உண்டு; மாடி வீட்டிலும் உண்டு. அதுவும் இரும்புதான். ஆனால் எளிதில் துருப்பிடிப்பதில்லை. காரணம், அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கலந்துள்ள குரோமியம் என்னும் உலோகம்.

குரோமியம் எங்கிருந்து வருகிறது? குரோமைட் என்ற கருநிறக் கல்லிலிருந்து. இதை உலகிலேயே அதிகமாக வெட்டி எடுக்கும் நாடு தென் ஆப்பிரிக்கா. துருக்கி, கஜகஸ்தான், இந்தியா ஆகியவையும் முன்வரிசையில் நிற்கின்றன. நம் நாட்டில் ஒடிசா மாநிலத்துச் சுகிந்தா பள்ளத்தாக்குதான் இதற்குப் பேர்போன இடம். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் இந்தக் கல் உண்டு.

இந்தக் கல்லைச் சோடாவுடன் சேர்த்துச் சூளையில் வறுத்தால் ஒரு ரசாயன உப்பு கிடைக்கும். தோல் பதனிடும் மருந்து அதிலிருந்து தயாராகிறது. ஆனால் அந்த உப்பு கொடிய விஷம்! தண்ணீரில் கரைந்து அதை மஞ்சளாக்கும். தோலில் பட்டால் புண்ணாகும். அதன் தூசியை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம்.

கம்பெனி போனது, கழிவு போகவில்லை

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970-களில் ராணிப்பேட்டையில் தோன்றியது. 1990-களில் மூடப்பட்டது. 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே மலைபோல் குவிந்தது. தொழிற்சாலையை மூடி 20 ஆண்டுகள் கழிந்தும் அது அங்கேயே கிடந்தது. மழை பெய்தபோதெல்லாம் விஷம் மண்ணுக்குள் இறங்கியது.

ராணிப்பேட்டையைக் கடந்து வரும் பாலாறுதான் ஓரிக்கைப் பக்கமும் வருகிறது. மேலே இருப்பவர் செய்வது கீழே இருப்பவர் தலையில் விடியக்கூடாது.

'கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும்' என்ற நியாயத்தை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு வலியுறுத்தியது. நல்ல தீர்ப்பு. ஆனால் கம்பெனியையே மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டை வாடகைக்கு விடுபவர் முன்பணம் வாங்கிக்கொள்கிறார். காலி செய்யும்போது சேதம் இருந்தால் அதில் கழித்துக்கொள்கிறார். சுரங்கம் தோண்டுபவர், அதை மூடிச் சீர்செய்யும் செலவுக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தரவேண்டும் என்ற விதி நம் நாட்டில் இருக்கிறது. விஷக் கழிவு வரும் ஒவ்வொரு தொழிற்சாலையிடமும் அரசாங்கம் அதுபோலவே, திறக்கும் நாளிலேயே முன்பணம் வாங்கவேண்டும்.

தொழில் வேண்டும். வேலையும் வேண்டும். ஆனால் பாத்திரம் பளபளத்தால் மட்டும் போதுமா? அதில் ஊற்றும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டாமா!