நம் வீட்டுப் பிறந்தநாளும் இல்லத்துப் பிள்ளைகளும்

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்குத் தர்மம் ஞாபகம் வருவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போன் போடுகிறோம். காலை டிபன் என்றால் இவ்வளவு, மதியச் சாப்பாடு இவ்வளவு, வடை பாயசத்தோடு ஸ்பெஷல் என்றால் இவ்வளவு என்று ரேட் சொல்கிறார்கள். பணத்தைக் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு போய் இறங்குகிறோம். பிள்ளைகள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சோறு விழுந்தாகிவிட்டது, ஆனால் கைவைக்கக் கூடாது. முன்பின் பார்த்திராத நம் பிள்ளையின் பெயரைச் சொல்லி அவர்கள் வாழ்த்துப் பாட வேண்டும். கேக் வெட்ட வேண்டும். நாம் கரண்டியோடு நிற்கிற படம் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

இந்தப் பிள்ளைகள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. அநாதைகள் என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். அந்த வரிசையில் பல பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறாள். சிலருக்கு இரண்டு பேருமே இருக்கிறார்கள். புருஷனைக் குடிக்கோ விபத்துக்கோ பறிகொடுத்தவள், விட்டுவிட்டுப் போனவனைத் தேடி ஓய்ந்தவள், முன்பணம் வாங்கியதற்காகச் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவள். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, பள்ளியில் சத்துணவு போடுகிறார்கள். அந்த அம்மாவின் முதல் கவலை சோறு அல்ல. வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகளிர் குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். வயசுக்கு வந்த பெண் பஸ் ஏறி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய் வருவதற்குள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் யாரோ ஒருவர், "இல்லத்துல சேர்த்துரும்மா, படிப்பையும் அவங்களே பார்த்துக்குவாங்க" என்கிறார். அவளும் ஒரு தகரப் பெட்டியோடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். நாம் வடை பாயசத்தோடு வந்து சேர்வது இதற்கெல்லாம் பிறகு.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகான கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், இல்லத்துக்கு வெளியே உள்ள மாற்று வழிகளையும் பார்க்க வேண்டும் என்றது. வழக்கின் தலைப்பிலேயே நம் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகாவது நாம் திருந்தினோமா? இல்லத்தின் பதிவு எண்ணை நாம் கேட்டதில்லை. வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கினோம்.

அரசுத் திட்டம் இல்லாமலில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில், பிள்ளை குடும்பத்திலேயே இருந்து வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்துக் குடும்பமானால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். ஆனால் அந்தப் பணத்தைத் தொட இறப்புச் சான்று வேண்டும், வருமானச் சான்று வேண்டும், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றால் முதலில் அதைத் திருத்த வேண்டும். புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்றால் இறப்புச் சான்றுக்கு அவள் எங்கே போவாள்? கைவிடப்பட்டவள் என்று சான்று வாங்கத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். வி.ஏ.ஓ. இன்று இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வா. ஒவ்வொரு நடைக்கும் பஸ் காசும் போய் அன்றைய கூலியும் போகிறது. இரண்டு மூன்று நடையில் அவள் விட்டுவிடுகிறாள்.

தர்மப் பணம் ஊருக்குள் போயிருந்தால் இந்த இடத்தில்தான் வேலை செய்திருக்கும். அவளோடு கூடவே போய் மனு எழுதித் தரும் ஒரு ஆள், பணம் வந்து சேரும் வரை நாலு மாதச் செலவு, பெண்பிள்ளைக்கு ஒரு சைக்கிள், கந்துவட்டிக் கடனை அடைக்க ஒரு தொகை. இப்படிச் செய்கிற சின்ன அமைப்புகள் அங்கங்கே இருக்கத்தான் செய்கின்றன. அவர்கள் நம்மிடம் வந்து ஊழியர் சம்பளம், பெட்ரோல் செலவு என்று ஆரம்பித்தால் நம் முகம் மாறிவிடுகிறது. "எங்க காசு முழுக்கப் பிள்ளைங்களுக்கே போய்ச் சேரணும்" என்கிறோம். அலுவலகத்தில் ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுக்கும்போது நமக்கு இந்த வைராக்கியம் வருவதில்லை.

நம் தாத்தாக்கள் இதைவிடச் சரியாகச் செய்திருக்கிறார்கள். காமராஜர் காலத்து மதிய உணவும், அப்போதைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் ஊராரின் கையை நம்பித்தான் நடந்தன. நெல் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், சீருடைக்குத் துணி கொடுத்தார்கள். சாயங்காலம் மணி அடித்தால் பிள்ளை தன் வீட்டுக்குப் போனது. அந்த ஊர்களை விட்டு நகரத்துக்கு வந்த நாம், அங்கே யார் வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்று கேட்பதையும் விட்டோம். கோயில் கொடைக்கு மட்டும் வரி அனுப்புகிறோம்.

யாருமே இல்லாத பிள்ளைகள் உண்டு. வீட்டில் அடி உதைக்குத் தப்பி வந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இல்லம்தான் கதி. நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அம்மா இருக்கிற பிள்ளையின் தட்டுக்கு மட்டும் பணம் கட்டி, அந்த அம்மாவுக்கு ஒரு வழியும் செய்யாமல் விட்டவர்கள் நாம். இல்லத்துக்காரர்கள் தெரிந்தேதான் ரேட் அட்டை போட்டிருக்கிறார்கள். காலை டிபன், மதியம், இரவு, ஸ்பெஷல். பிள்ளையை அம்மாவிடமே திருப்பி அனுப்பி ஒரு வருஷம் கூடவே நின்று பார்த்துக்கொள்ள என்ன செலவாகும் என்ற வரி அதில் இல்லை. அப்படி ஒன்றை நாம் யாரும் கேட்டதே இல்லை.