தரம் 6 பிள்ளையின் ஊசிப் படிவத்தில் கையெழுத்து வைக்காத பெற்றோருக்கு



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். எங்கள் முஸ்லிம் குடும்பங்களுக்கு முதலில், தமிழ்க் குடும்பங்களுக்கும் சேர்த்து. கொஞ்சம் நீளம். வாசித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட எம்.ஓ.எச். அலுவலகத்திலிருந்து வரும் நாள் நெருங்கினால் வகுப்பாசிரியர்களான எங்களுக்குத் தலையிடிதான். வீட்டுக்கு அனுப்பிய படிவங்களில் சில கையெழுத்தோடு திரும்பி வரும். சிலவற்றில் "வேண்டாம்" என்று எழுதியிருக்கும். சில வரவே வராது. ஊசி நாளில் மட்டும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். போன் எடுத்துக் கேட்டால், பெயர் தெரியாத யாரோ பேசிய ஒரு வொயிஸ் கட்டை வாப்பா எங்களுக்கே அனுப்பி வைப்பார். "இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது" என்று அதில் ஒருவர் சத்தியம் செய்வார்.

அது என்ன ஊசி? எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. பெண்களுக்கு வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய முழுக் காரணமும் இந்த வைரஸ்தான். இதைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2022-இல் மட்டும் உலகத்தில் சுமார் 3,50,000 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். எமது நாட்டில் 2017-இல் இந்த ஊசி தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. பாடசாலைக்கே வந்து இலவசமாகப் போடுகிறார்கள். அதே ஊசியைத் தனியார் வைத்தியசாலையில் போட்டால் எத்தனை ஆயிரம் ரூபாய் போகும் என்று விசாரித்துப் பாருங்கள்.

"பிள்ளை பிறக்காது" என்ற பேச்சுக்கு வருவோம். இந்தப் பேச்சை நாம் முதல் தடவையாகக் கேட்கிறோமா?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று வந்தது. 2019-இல் குருநாகல் டாக்டர் ஷாபி ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு மலட்டுச் சத்திரசிகிச்சை செய்தார் என்று பத்திரிகையில் போட்டார்கள். சீ.ஐ.டி. விசாரித்தது, ஆதாரம் கிடைக்கவில்லை. அப்போது நாமெல்லாம் என்ன கேட்டோம்? "ஆதாரம் எங்கே? வைத்திய அறிக்கை எங்கே?" என்று கேட்டோம். சரியாகத்தான் கேட்டோம். இன்றைக்கு அதே மலட்டுக் கதையை நமது பிள்ளைகளின் ஊசியைப் பற்றி நாமே ஃபோர்வர்ட் பண்ணுகிறோம். ஆதாரம் கேட்க ஒருவரையும் காணவில்லை.

"அரசாங்கத்தை எப்படி நம்புவது? எங்கட ஜனாஸாக்களை எரித்தவர்கள்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் தட்டிவிட மாட்டோம். 2020-இல் நடந்தது அநியாயம். 2021 பெப்ரவரியில் அனுமதி வரும்வரை எத்தனை குடும்பங்கள் அழுதன, பிறகு ஓட்டமாவடிவரை ஜனாஸாவை அனுப்பிவிட்டு எத்தனை பேர் வீட்டிலிருந்து துஆச் செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நேரம் நாம் எதைக் கையில் பிடித்துக்கொண்டு போராடினோம்? அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை. அதே நிறுவனம்தான், 2030-க்குள் 15 வயதுக்கு முன் 90 வீதமான பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போய்ச் சேர வேண்டும் என்கிறது. ஜனாஸா விஷயத்தில் நம்பிய விஞ்ஞானத்தைப் பிள்ளை விஷயத்தில் நம்ப மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? அரசாங்கத்தோடு உள்ள கோபத்தின் விலையைப் பதினொரு வயதுப் பிள்ளையா கட்டுவது?

அடுத்தது, வாய் திறந்து சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் காரணம். "எங்கட பிள்ளை ஒழுக்கமான பிள்ளை, அவளுக்கு எதற்கு இது?" ஒழுக்கமான பிள்ளையும் ஒருநாள் நிக்காஹ் செய்வாள். இந்த வைரஸ் எந்த அடையாளமும் காட்டாமல் ஆணின் உடம்பில் இருக்கும். அவருக்கே தெரியாது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, ஒரு தப்பும் செய்யாத மனைவிக்குப் புற்றுநோய் வரும். மருமகனைத் தேடும்போது சம்பளம் விசாரிக்கலாம், குடும்பம் விசாரிக்கலாம். இதை விசாரிக்க முடியுமா? வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். அதனால்தான் பத்துப் பதினொரு வயதில் போடுகிறார்கள். 2008-இல் இதைத் தொடங்கிய ஸ்கொட்லாந்தில், 12, 13 வயதில் ஊசி போட்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

"முஸ்லிம் நாடுகளில் போடுவார்களா?" போடுகிறார்கள். மலேசியாவில் 2010 முதல் பாடசாலைகளில் போடுகிறார்கள். பங்களாதேஷ் 2023-இலும் பாகிஸ்தான் 2025-இலும் தொடங்கின. ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசிக்குக் கை நீட்டுகிறோம், அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் போட்ட ஊசியில் ஹெபடைடிஸ் பி தடுப்பும் இருந்தது. அது ஈரல் புற்றுநோயிலிருந்து காக்கும் ஊசி. அதாவது வைரஸால் வரும் ஒரு புற்றுநோய்க்கு எதிராக உங்கள் பிள்ளைக்கு ஏற்கனவே ஊசி போட்டுவிட்டீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று வகுப்பில் நாங்கள் படித்துக் கொடுக்கிறோம். வீட்டிலும் அதைச் செய்து காட்டுங்கள்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லி நாங்கள் தப்பிக்கப் பார்க்கவில்லை. படிவத்தைப் பையில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்த ஆசிரியர்கள் நாங்களும்தான். அதனால் எல்லோரிடமும் கேட்கிறோம்.

பெற்றோரே, பயம் இருந்தால் வொயிஸ் கட்டிடம் கேட்காதீர்கள். எம்.ஓ.எச். வைத்தியரிடமோ உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ கேளுங்கள். ஒவ்வாமையோ வேறு நோயோ இருந்தால் மறைக்காமல் முதலில் சொல்லுங்கள். ஊசி தவறிய பிள்ளையை எம்.ஓ.எச். அலுவலகத்துக்கு அழைத்துப் போய் விசாரியுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஒரே ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் தாருங்கள். டெங்குவுக்குத் தந்தீர்கள், இதற்கும் தாருங்கள்.

பெண்கள் மத்ரஸாக்களையும் சர்வதேசப் பாடசாலைகளையும் நடத்துபவர்களே, அதிகாரிகள் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கடிதம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

சுகாதார அதிகாரிகளே, ஊசி நாளுக்கு ஒரு வாரம் முன் தாய்மாரைக் கூப்பிட்டுத் தமிழில் விளக்கம் சொல்ல ஒருவரை அனுப்புங்கள். விளங்காத படிவத்தில் யாரும் கையெழுத்து வைக்க மாட்டார்கள். அன்று வராத பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் கொடுங்கள்.

உம்மாமாரே, உங்களுக்கும் ஒன்று. 35 வயதிலும் 45 வயதிலும் வெல் வுமன் கிளினிக்கில், சிங்களத்தில் சுவநாரி என்பார்களே அங்கே, இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் மகரகமவில் போய் நிற்க வேண்டாம்.

அடுத்த முறை படிவம் வரும்போது பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். வாசியுங்கள், கேளுங்கள், கையெழுத்து வையுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அந்த வொயிஸ் கட் போன குரூப்புகளுக்கெல்லாம் இதையும் அனுப்பி வையுங்கள்.