ஆடிக் காற்றும் அதிகாலைப் பயிற்சியும்

2025 நவம்பரில் கீரனூர் அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் ஒரு பயிற்சி விமானம் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். அந்த வாரம் நம் துறைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும், எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவது என்பதுதான் பேச்சு. வேண்டிய பேச்சுதான். ஆனால் சிறு விமானங்கள் அதிகம் அடிபடுவது அப்படி அல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஓடுபாதை கண்ணெதிரே கிடக்கும், வானம் தெளிவாக இருக்கும், காற்று மட்டும் விட்டுவிட்டு வீசும். அமெரிக்க விமானிகள் சங்கமான ஏஓபிஏவின் விபத்து அறிக்கையைப் புரட்டினால், விமானியின் கையால் நேரும் விபத்துகளில் தரையிறக்கமே முன்னால் நிற்கிறது. உயிர் போவது அபூர்வம் என்பதால் அது செய்தியாவதில்லை. நாமும் பேசுவதில்லை.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்தக் காற்று பழக்கமானது. ஆடி மாதம் பிற்பகலில் மாம்பழச் சாலையிலிருந்து சத்திரம் பக்கம் டூவீலரில் காவிரிப் பாலத்தைக் கடந்து பாருங்கள். வலப்புறம், மேற்கிலிருந்து காற்று தள்ளும். வண்டியை வலப்பக்கம் சற்றுச் சாய்த்தே ஓட்டுவோம். எதிரே ஒரு டவுன் பஸ் வந்து காற்றை மறைக்கும்போது, சாய்த்த பக்கமே வண்டி பஸ்ஸை நோக்கி இழுக்கும். நிமிர்த்துவதற்குள் பஸ் கடந்துவிடும், காற்று அறையும். காற்றுப் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி இறங்கும் விமானிக்கு, தரைக்கு இருபதடி உயரத்தில் நேர்வதும் இதேதான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று கோவை, கரூர் தாண்டித் திருச்சிவரை வருகிறது. இரவில் தரையோரக் காற்று அடங்கிவிடும். வெயில் ஏறித் தரை கொதித்ததும் மேலிருக்கும் வேகக் காற்று கீழே கலந்து இறங்குகிறது, ஒரே சீராக அல்ல, துண்டுதுண்டாக. திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09/27 என்று அமைந்திருப்பதால் இது எதிர்க்காற்றுதானே என்று தோன்றும். டவர் 240 டிகிரி, 18 நாட், கஸ்ட் (வீச்சு) 28 என்று சொல்வதாக வையுங்கள். 27இல் இறங்குபவருக்குக் குறுக்குக் காற்று 9 நாட், வீச்சில் 14. செஸ்னா 172எஸ் கையேடு காட்டும் 15 நாட்டுக்குள் இருக்கிறது, தாளில். இன்னொன்றும் உண்டு. டவர் சொல்லும் வேகம் இரண்டு நிமிடச் சராசரி. சராசரியை 10 நாட்டோ அதற்கு மேலோ மிஞ்சினால்தான் வானிலை அறிக்கையில் கஸ்ட் தனியே ஏறும். சராசரியை 8 நாட் மிஞ்சும் வீச்சு அறிக்கையில் தலைகாட்டாமலே இறக்கையைத் தூக்கிவிடும்.

இதற்காகத்தான் வீச்சு வித்தியாசத்தில் பாதியை இறங்கும் வேகத்தில் கூட்டி, 65 நாட்டுக்குப் பதில் 70இல் வா என்கிறோம். பயந்த மாணவர் 75இல் வருகிறார். ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. விமானம் இறங்க மறுத்து மிதக்கிறது.

பல வருடங்களுக்கு முன் என் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவர் அப்படித்தான் மிதந்தார். பொறுமையிழந்து யோக்கை முன்னால் தள்ளினார். மூக்குச் சக்கரம் முதலில் பட்டது, துள்ளியது. மறுபடி தள்ளினார், இன்னும் உயரமாகத் துள்ளியது. முதல் துள்ளலிலேயே "கோ-அரவுண்ட்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவரே சமாளிக்கட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாவது முறை ப்ரொபெல்லர் தரையைத் தொட்டது. இறங்கிப் பார்த்தபோது இரண்டு முனைகளும் வெயிலில் வாடிய வாழையிலைபோல் பின்னோக்கிச் சுருண்டிருந்தன. மாணவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவருக்கு அதுவரை முப்பது மணி நேரப் பறப்பு. அத்தனையும் காலை எட்டு மணிக்குள்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். விடியற்காலையில் காற்று அமைதி, எஞ்சினுக்கும் குளிர்ச்சி, ஒரே நாளில் பத்து டச் அண்ட் கோ முடியும். பயிற்சி நிலையங்கள் அதை விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் வணிக விமானி உரிமத்துக்கு நாம் எண்ணுவது மொத்தம் 200 மணி, தலைமை விமானியாக 100, இரவில் 5. குறுக்குக் காற்றுக்கென்று ஒரு மணிகூடத் தனிக் கணக்கில்லை. இருட்டைக் காட்டாமல் உரிமம் தருவதில்லை, பிற்பகலைக் காட்டாமல் தந்துவிடுகிறோம்.

பயிற்சி ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். இந்த ஆடியில் ஒவ்வொரு மாணவரையும், சோலோ அனுப்பும் முன், ஒரு நாளாவது மூன்று மணிக்கு மேல் அழைத்துப் போங்கள். வரம்புக்கு வெகு உள்ளே உள்ள காற்றே போதும். முதல் சுற்றில் தரையைத் தொடவே வேண்டாம். ஐம்பதடியில் முழு த்ராட்டில் கொடுத்து, மூக்கை நிமிர்த்தி, ஃப்ளாப்பைப் படிப்படியாக ஏற்றி மேலே போகச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் எப்போது கைவிடுவது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். அந்தக் கோ-அரவுண்டை லாக்புக்கின் குறிப்புப் பத்தியில், சரியான முடிவு என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றைக்கு டவர் சொன்ன காற்றையும் நீங்கள் உணர்ந்த காற்றையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். புரட்டாசி இதழில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.