புயலுக்குள் போய் அளப்பது யார்?

முத்துப்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா, சுட்டிகளே? திருவாரூர் மாவட்டத்தில், காவிரியின் கிளை ஆறுகள் கடலைத் தொடும் ஊர். படகில் ஏறினால் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள்தான்!

2018ம் ஆண்டு நவம்பர் 16ம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 'கஜா' புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால், அலையாத்திக் காடு ஒடிந்து கிடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன.

புயல் வருவது முன்பே தெரியும். ஆயிரக்கணக்கானோரை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதனால் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால், 'எங்கே வரும்' என்பதைச் சொல்வதைவிட, 'எவ்வளவு பலத்தோடு வரும்' என்பதைச் சொல்வது கடினம். வானிலைத் துறை பிறகு வெளியிட்ட அறிக்கை, கஜாவைச் சாதாரணப் புயலைவிட இரண்டு படி மேலே வைத்தது.

பலம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? தோப்பு வைத்திருப்பவரைக் கேளுங்கள். காய்களைப் பறித்து, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் தென்னையின் தலைப்பாரம் குறையும். மரம் தப்ப வாய்ப்பு உண்டு. ஆனால், காற்று லேசாக அடித்துவிட்டுப் போனால் ஆள் கூலியும் நஷ்டம், விளையாத காயும் நஷ்டம். வெட்டுவதா, விடுவதா? ஒரு நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும். சாய்ந்த இடத்தில் புதிதாக நட்ட கன்று காய்க்கவோ ஐந்தாறு வருடம் ஆகும்.

கடலில் இருக்கும் புயலின் பலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்துத்தான். பானையிலிருந்து வரும் ஆவியைப் பார்த்தே சோறு வெந்துவிட்டது என்று சொல்வது மாதிரி! பழகிய அம்மா சரியாகவே சொல்வார். ஆனாலும், ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார், இல்லையா?

காரைக்காலில் ரேடார் இருக்கிறது. புயல் கரையை நெருங்கினால்தான் அதன் கண்ணில் படும். அங்கிருந்து, அளவீட்டுக் கருவி கட்டிய பலூனையும் பறக்க விடுகிறார்கள். அது வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அளந்தபடி மேலே போய் வெடித்துவிடும். (கருவிப் பெட்டி வயலில் விழுந்து கிடந்தால் குண்டு என்று நினைத்து ஓடாதீர்கள்!) ஆனால், பலூன் கிளம்புவது கரையிலிருந்து. புயல் இருப்பதோ நடுக்கடலில்.

அப்படியானால், உள்ளே போய் ஒரு சோற்றை எடுப்பது யார்? விமானம்தான்!

1943ம் ஆண்டு ஜூலை 27ம் தேதி, அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர் ஜோசப் டக்வொர்த், பந்தயம் கட்டி, ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானத்தில் டெக்சாஸ் கரைப் புயலுக்குள் நுழைந்து திரும்பினார். வந்து இறங்கியதும் வானிலை அதிகாரி, தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார். மறுபடியும் போனார்கள்!

இன்று அமெரிக்காவில் இதற்கென்றே விமானங்கள் உள்ளன. இரண்டுக்குப் பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயர்: 'கெர்மிட்' தவளை, 'மிஸ் பிக்கி' பன்றி. புயலின் நடுவே, ஏறக்குறைய ஒரு அடி நீளக் குழாய் ஒன்றைக் கீழே போடுவார்கள். அது குட்டிப் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம் ஆகியவற்றை விமானத்துக்கு அனுப்பும். கடலில் விழுந்ததும் அதன் வேலை முடிந்தது. தைவானும் 2003 முதல் இப்படிப் பறக்கிறது.

கஜா வந்தபோது நம்மிடம் இப்படிப்பட்ட புயல் விமானம் இல்லை. அதற்காக, விமானத்தில் கருவி வைத்து வானத்தை அளக்க நமக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், 2009ம் ஆண்டிலேயே 'கெய்பீக்ஸ்' திட்டத்தில் விமானங்களை மழை மேகங்களுக்குள் அனுப்பத் தொடங்கியது. கஜா வந்த அதே 2018ல், பருவமழைக் காலத்தில், சோலாப்பூர் வானத்தில் மேகத்துளிகளையும் தூசியையும் அளந்துகொண்டிருந்தார்கள்.

இதுபோன்ற ஆய்வுகளில், 'டாக்டர்' பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு மூன்று வருடம் ஆராய்ச்சியைத் தொடரும் இளைஞர்கள் நிறையப் பேர் உண்டு. 'போஸ்ட் டாக்' என்பார்கள். பறப்பது சில மணி நேரம். வந்த எண்களைச் சரிபார்ப்பதோ பல மாதம்!

செலவு அதிகம்தான். வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் சேர்த்து, ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து புயல்தான் வருகிறது. ஐந்துக்காக ஒரு விமானமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், மீதி மாதங்களில் அதே விமானம் பருவமழை மேகங்களையும், நகரங்களின் புகையையும் அளக்கலாமே? வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு, 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. புதிய ரேடார்களும் கருவிகளும் அதில் அடங்கும். வங்கக்கடல் புயலுக்குள் போடும் குழாய்க்கும் அதுபோன்ற திட்டங்களில் இடம் வேண்டும் என்று, சாய்ந்த தோப்புகளைப் பார்த்த யாரும் கேட்பார்கள்.