படம் எடுத்தால் மட்டும் போதுமா?

குளிர்காலம் பிறந்தால் நம் அன்பர்கள் பலர் காமிராவும் கையுமாகச் சாந்த்ராகாச்சி ஏரிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பழக்கம். ஸ்டேஷனை அடுத்துள்ள இந்த ஏரி தென்கிழக்கு ரயில்வேக்குச் சொந்தம். நல்ல ஆண்டுகளில் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் கூடும். அவற்றின் நடுவே வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்து ஒன்று தென்பட்டால் அன்று நமக்குத் தீபாவளிதான்.

ஆனால் வங்காளிகள் கொச்சுரிபானா என்று சொல்லும் வெங்காயத்தாமரை நீரை மூடிவிட்டால் பறவை எங்கே இறங்கும்? முழுதும் அகற்றினால் எங்கே உட்காரும்? அவை வருமுன்பே, திட்டுத்திட்டாகக் கொஞ்சம் விட்டு மீதியை எடுக்க வேண்டும். தண்டவாளத்தைப் போல இதுவும் ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டிய விஷயம்.

வேடந்தாங்கல் கிராமத்தார் 1798-இலேயே கலெக்டரிடம் முறையிட்டுத் தங்கள் பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றார்கள். நாமும் அக்டோபருக்குள் ரயில்வேக்கு ஒரு மனு எழுதுவோம். காமிராவைப் பிறகு எடுக்கலாம்.