ஏற்காட்டுக்கு எந்தப் பட்டம்?

வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறி விதை உறைகள் சிலவற்றை அண்மையில் புரட்டிப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் ஒரே அறிவுரை காணப்பட்டது. வசந்தத்தின் கடைசி உறைபனி கழிந்த பின்னரே விதைக்க வேண்டும் என்பது அது. குளிர்நாட்டு உழவர்க்கு இது பொன்னான சொல். கடைசி உறைபனிக்கும், மீண்டும் குளிர் தொடங்கும்போது வரும் முதல் உறைபனிக்கும் இடைப்பட்ட நாட்களே அவர்களுக்கு வாய்த்த போகம். ஆனால் அதே உறையை வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டு செல்லும் நம் அன்பர் எந்த நாளைக் கணக்கிடுவார்? சேர்வராயன் மலையில் மார்கழி, தை இரவுகளிலும் குளிர் பெரும்பாலும் 12, 13 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. இல்லாத உறைபனிக்கு அஞ்சிக் காத்திருப்பவர் நல்ல பட்டத்தைக் கைநழுவ விடுகிறார்.

மலை என்றவுடன் உதகையை நினைத்து, அவ்வூர்க் கணக்கையே இங்கும் பின்பற்றுவோர் உளர். உதகை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் நிற்கிறது. காற்று அசையாத, மேகமற்ற இரவுகளில் நீலகிரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. முதலில் நீர்ப்பனி, பின்னர் உறைபனி. மேட்டுச் சரிவில் உள்ள தோட்டம் தப்பிக்க, அதன் கீழுள்ள சதுப்பு நிலத்தின் பயிர் கருகிப்போவதும் உண்டு. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று அம்மக்கள் வகுத்துள்ள மூன்று போகங்களும் அவர்களுடைய மண்ணும் மழையும் பனியும் கற்றுத் தந்தவை. அவற்றை நாம் வணங்கலாம். அப்படியே கடன் வாங்குதல் கூடாது.

இனி, சமவெளிக் கணக்கு ஏற்காட்டுக்குப் பொருந்துமா? சேலம் நகரம் 300 மீட்டருக்கும் தாழ்ந்த இடம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போது நாம் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயர்ந்துவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று மேலாக வெப்பம் குறையும் என்பது பொதுவிதி. ஆகவே ஒரு மணி நேரப் பயணத்திற்குள் ஏழெட்டு டிகிரி குறைந்த வேறொரு நாட்டை அடைகிறோம். மழையும் அவ்வாறே, சேலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர், ஏற்காட்டில் 1,500க்கு மேல். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது சமவெளிக்குச் சொல்லப்பட்ட மொழி. ஏற்காட்டில் ஆடி மாதம் தென்மேற்குப் பருவத்தின் மேகம் தோட்டத்திற்குள்ளேயே இறங்கி நிற்கும் மாதம்.

பீன்ஸ் பயிரை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் அதனை அக்டோபர், நவம்பரில் விதைக்கிறார்கள். வெயில் ஏறினால் அங்கே பூ உதிர்ந்துவிடும். மலையிலோ பிப்ரவரி, மார்ச்சே உகந்த காலம். மாசியில் ஊன்றிய குத்துப் பீன்ஸ் சித்திரைக்குள் காய்க்கத் தொடங்கும். கோடை மழை அதற்குத் துணை நிற்கும். பெருமழையும் மூடுபனியும் வருமுன் அறுவடை முடிந்துவிடும். சமவெளியில் பீன்ஸ் அருகிப் போகும் நாட்களில் மலைக்காய் சந்தைக்கு இறங்குகிறது என்பதும் சிறிய ஆதாயமன்று.

எனவே ஏற்காட்டு உழவர் அஞ்ச வேண்டியது உறைபனியை அன்று; நாட்கணக்கில் விலகாத ஈரத்தையே என்பது நமது துணிபு. குளிர்ந்த காற்றில் இலை நனைந்தபடியே இருந்தால் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் பின்கருகல் நோய் சில நாட்களில் தின்றுவிடும். 1845ஆம் ஆண்டு தொடங்கி அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்தியது இந்நோயே. பூ எடுக்கும் வாரம் மூடுபனி வாரமாக அமையாதபடி நாளைப் பின்னோக்கி எண்ணி நாற்று விடுவதே மலையில் பட்டம் பார்த்தல்.

காலிஃப்ளவரிலும் இத்தகைய நுட்பம் உண்டு. முன்பட்ட இரகத்தைக் கடுங்குளிரில் நட்டால் பொத்தான் அளவில் பூ விட்டு நின்றுவிடும். பின்பட்ட இரகத்தை வெப்பக் காலத்தில் நட்டால் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். விதையில் குற்றம் இராது. விதைத்த நாளிலேயே குற்றம். இருந்தும் பழி விதை கொடுத்த சங்கத்தின் தலையில் விழுகிறது!

தட்பவெப்ப மண்டல வரைபடம் இருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்க வேளாண்மைத் துறை 1960இல் வெளியிட்ட வரைபடம் குளிர்காலத்தின் கடுங்குளிரை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது. மழையைப் பற்றி அது பேசாது. தமிழ்நாட்டை ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்தவர்கள் மலைப்பகுதியைத் தனி மண்டலமாக வைத்தது நன்று. ஆயினும் நீலகிரி, பழனி, சேர்வராயன், கொல்லி ஆகிய மலைகள் யாவும் அந்த ஒரே மண்டலத்தில் அடங்கிவிடுகின்றன. சேர்வராயன் மலைக்குள்ளேயே அடிவாரத்துச் சரிவுக்கும், 1,600 மீட்டருக்கு மேலுள்ள கோயில் முகட்டுக்கும் ஒரே நாளை எப்படிக் குறிப்பது?

இங்கேதான் கூட்டுறவு முன்வர வேண்டும். விதையும் கடனும் உரமும் மாவட்டம் முழுவதற்கும் ஒரே தேதியில் வந்தால், மலையில் அது தாமதம், சமவெளியில் அது அவசரம். அடிவாரம், நடுமலை, மேல்மலை என மூன்று தவணைகளாக விதை வழங்குவதில் செலவு மிகுதியாகாது. அதனால் எல்லோருடைய காயும் ஒரே வாரத்தில் சந்தையில் குவிந்து விலை சரிவதும் ஓரளவு தவிர்க்கப்படும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கிறது; ஒய்.சி.டி. 1 என்ற பீன்ஸ் இரகம் அவ்வூரின் பெயரையே தாங்கியது. தவணை நாட்களை அந்நிலையத்தாரைக் கலந்தே வகுக்கலாம்.

மற்றொன்று, கணக்கு. ஒரு மழைமானி, பகலின் மேல்வெப்பத்தையும் இரவின் கீழ்வெப்பத்தையும் காட்டும் ஒரு வெப்பமானி, நாற்பது பக்க நோட்டு ஒன்று, இவை போதும். உழைத்துக் களைத்தவர்க்கு எழுத நேரமேது என்பார்க்கு, நம் நெசவாள அன்பர்களைக் காட்டுவோம். தெருவில் பாவு விரிப்பவர், கஞ்சி தோய்க்குமுன் வானத்தை அண்ணாந்து பாராமல் இருப்பதில்லை. ஒரு தூறல் முழுப் பாவையும் கெடுத்துவிடும் என்பதை அவர் அறிவார். உழவரும் வானத்தைப் பார்ப்பவரே. பார்த்ததை அன்றன்று இரண்டு வரியில் குறித்து வைக்கவே வேண்டுகிறோம்.

விதைத்த நாள், முளைத்த நாள், முதல் பூ, முதல் பறிப்பு, மூடுபனி விலகாத நாட்கள் ஆகியவற்றை வரும் தை முதல் நாள் தொடங்கி எழுதி வைக்கும் மலைக்கிராமச் சங்கங்கள், ஓராண்டுக் குறிப்பை ஊரின் உயரத்துடன் நமக்கு அனுப்பி வைத்தால் இவ்விதழில் வெளியிடுவோம்.