மில்வாக்கியில் நீடிப்பாரா யானிஸ்? மூன்று தோல்விகளுக்குப் பிறகு எழும் கேள்வி

லாட்வியத் தலைநகர் ரிகாவில் 2025 செப்டம்பரில் நடைபெற்ற ஐரோப்பிய கூடைப்பந்து சாம்பியன்ஷிப் போட்டியில், பின்லாந்தை 92-89 என்ற புள்ளிக்கணக்கில் வீழ்த்தி கிரீஸ் வெண்கலம் வென்றது. 2009-க்குப் பிறகு அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இது. அந்த ஆட்டத்தில் 30 புள்ளிகள் குவித்த முன்கள வீரர் யானிஸ் அன்டெட்டோகும்போ, 18 வயது வரை கிரீஸின் குடிமகனாகவே இருக்கவில்லை.

நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1994 டிசம்பர் 6 அன்று ஏதென்ஸில் பிறந்தவர் யானிஸ். அங்கு பிறந்ததாலேயே குடியுரிமை கிடைத்துவிடாது என்பதால், எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இன்றி வளர்ந்தார். சகோதரர்களுடன் தெருவில் கைக்கடிகாரமும் கைப்பையும் விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். 2013 மே மாதம் குடியுரிமை வழங்கப்பட்டது. அமெரிக்காவின் என்பிஏ தேர்வில் மில்வாக்கி பக்ஸ் அணி 15-வது வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தது அடுத்த மாதமே. அந்த வரிசையைப் பார்த்தால், குடியுரிமை விளையாட்டுத் திறனுக்கு அளிக்கப்பட்ட பரிசோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளிகள் மட்டுமே எடுத்தவர், 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2020-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் சேர்ந்தது. ஒரே பருவத்தில் இவ்விரண்டையும் அவருக்கு முன் வென்றவர்கள் மைக்கேல் ஜோர்டானும் ஹக்கீம் ஒலாஜுவானும் மட்டுமே.

யானிஸின் ஆட்டம் தொலைவிலிருந்து எறிவதை நம்பியதன்று. ஏறத்தாழ 211 செ.மீ. உயரமுள்ள அவர், பாதி ஆடுகளத்தைச் சில எட்டுகளில் கடந்துவிடுகிறார். ஒரு காலை ஒருபுறம் ஊன்றி, மறு எட்டை எதிர்ப்புறம் வைத்துத் தடுப்பவரை ஏமாற்றும் 'யூரோ ஸ்டெப்' உத்தி பலருக்கும் கைவந்ததுதான்; ஆனால் அவ்வளவு நீண்ட எட்டு வேறு எவருக்கும் இல்லை. இதற்கு மாற்றாக எதிரணிகள், வளையத்துக்கு முன் மூவரைச் சுவர்போல் நிறுத்தின. 2019-இல் டொராண்டோவும் 2020-இல் மயாமியும் அவ்வாறே மில்வாக்கியை வெளியேற்றின.

ஃப்ரீ த்ரோ இன்னொரு பலவீனம். 10 வினாடிகளுக்குள் எறிய வேண்டும் என்ற விதியை நினைவூட்டி, 2021-இல் எதிரணி ரசிகர்கள் உரக்க எண்ணத் தொடங்கினர். அந்த ஆண்டு அரையிறுதிக்கு நிகரான கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றில் முழங்கால் பிசகி இரு ஆட்டங்களைத் தவறவிட்டவர், இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் பீனிக்ஸுக்கு எதிராக 50 புள்ளிகள் எடுத்தார். 19 ஃப்ரீ த்ரோக்களில் 17 வளையத்தில் விழுந்தன. மில்வாக்கிக்கு 50 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் கிடைத்தது.

அதன்பின் நிலைமை சரிந்துள்ளது. 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகளும் பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே தோல்வி. இத்தனைக்கும் 2024-25 பருவத்தில் யானிஸின் சராசரி 30.4 புள்ளிகள்; மூன்று புள்ளி எறிதலைப் பெருமளவு குறைத்து, இடைத்தொலைவு எறிதலைக் கூர்தீட்டிக்கொண்டார். குறை அவரிடம் இல்லை. குதிகால் நரம்பு அறுந்த டேமியன் லில்லார்டை விடுவித்த நிர்வாகம், அவருக்குத் தரவேண்டிய சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துச் சுமக்கிறது. அதில் கிடைத்த இடத்தில் மைல்ஸ் டர்னர் சேர்க்கப்பட்டார். வரவிருக்கும் ஆண்டுகளின் பணத்தை இன்றே செலவிட்ட இந்த முடிவு, யானிஸைத் தக்கவைப்பதற்கான விலை என்றே கொள்ள வேண்டும்.

சிறிய நகரத்து அணிகள் தங்கள் நட்சத்திரங்களைப் பெருநகர அணிகளிடம் இழப்பது என்பிஏவில் வாடிக்கை. யானிஸோ 2020-லும் 2023-லும் மில்வாக்கியுடனேயே ஒப்பந்தத்தை நீட்டித்தார். தற்போதைய ஒப்பந்தப்படி 2027 கோடையில் விலகிச் செல்லும் உரிமை அவருக்கு உண்டு. அப்போது அவருக்கு வயது 32.